ஆம்ஸ்ட்ரோங் நிலவில் பாங்கு கேட்கவில்லை. இந்தக் கதையை இனியாவது விடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் அந்தப் பழைய கதை மறுபடியும் சுற்றுகிறது. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே ஒரு புதுமையான ஓசையைக் கேட்டாராம். வருடக் கணக்கில் அது என்னவென்றே விளங்கவில்லையாம். பிறகு எகிப்தில் பாங்கு சத்தம் காதில் விழுந்ததும் "இதுதான் நான் கேட்டது" என்று அழுதாராம். கலிமா சொன்னாராம். அதனால் நாசா அவரை வேலையிலிருந்து துரத்தியதாம். இப்போது அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. கோடிக்கணக்கான சொத்தையும் பதவியையும் தீனுக்காக உதறிவிட்டு வந்தாராம். பின்னணியில் நஷீத் ஓடுகிறது. முடிவில் "உண்மையான முஸ்லிம் என்றால் பகிருங்கள்" என்று ஒரு மிரட்டல் வேறு.

இதை அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். படித்தவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், சில ஆசிரியர்களும் உண்டு. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சம்பந்தப்பட்டவர் என்ன சொன்னார் என்று பார்ப்போம். இந்தக் கதை இந்தோனேசியா, மலேசியா, எகிப்து என்று பரவிய காலத்தில் அவர் உயிரோடுதான் இருந்தார். எங்கெங்கிருந்தோ அழைப்பிதழ்களும் கடிதங்களும் அவருக்குக் குவிந்தன. 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கெல்லாம் ஒரு செய்தி அனுப்பியது. ஆம்ஸ்ட்ரோங் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்பதே அதன் சாரம். அதோடு, எந்த மதத்தையும் அவமதிப்பதோ எவரையும் நோகடிப்பதோ தன் நோக்கமல்ல என்ற அவரது விருப்பத்தையும் அது அழுத்திச் சொன்னது. அதே வருடம் அவரது அலுவலகமும் எழுத்தில் மறுத்தது. 2005இல் மலேசியாவுக்கு வந்தபோதும் அவரே மறுத்தார். ஜேம்ஸ் ஹான்சன் எழுதி அதே 2005இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்று நூலிலும் இது பேசப்படுகிறது.

ஒரு மனிதர், தான் இன்ன மதத்தவர் இல்லை என்று தன் வாயால் இத்தனை தடவை சொல்கிறார். நாமோ "இல்லை, நீங்கள் முஸ்லிம்தான், அமெரிக்கா உங்கள் வாயை அடைத்துவிட்டது" என்கிறோம். நாளை நம்மில் ஒருவரைப் பற்றி வேறொரு சமூகம் இப்படிக் கதை கட்டினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

கதை எங்கே முளைத்தது என்பதும் சுவையானது. நாசாவை விட்ட பிறகு ஆம்ஸ்ட்ரோங் குடும்பம் வாழ்ந்த ஊரின் பெயர் லெபனான். ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரம். அங்கே அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அரபு நாடான லெபனானில் அவர் குடியேறிவிட்டார் என்று யாரோ விளங்கிக்கொண்டதும் கதைக்கு எரு போட்டது என்கிறார்கள்.

அடுத்தது விஞ்ஞானம். ஒலி பயணிக்க ஊடகம் வேண்டும். இதை நம் பிள்ளைகள் கனிஷ்ட வகுப்பிலேயே படிக்கிறார்கள். கண்ணாடி ஜாடிக்குள் மின்மணியை ஒலிக்கவிட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் மணி ஆடுவது தெரியும், சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். நிலவில் காற்று மண்டலம் இல்லை என்றே சொல்லலாம். அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆம்ஸ்ட்ரோங்கும் ஒல்ட்ரினும் அடைத்த தலைக்கவசத்துக்குள் இருந்து வானொலி வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வெளியே நின்றது ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். அவர்கள் ஹூஸ்டனோடு பேசிய பேச்சு பதிவாகி, எழுத்திலும் வந்து, யாரும் பார்க்கும்படி இருக்கிறது. மாணவர்கள் கையில் பாடப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டில் அதற்கு நேர்மாறான கதையைப் பெரியவர்கள் சொன்னால் பிள்ளை எதை நம்பும்? ஒன்றில் விஞ்ஞானம் பொய் என்று நினைக்கும். அல்லது, இது இன்னும் ஆபத்து, வீட்டில் மார்க்கம் என்று சொல்லித் தருவதெல்லாம் இப்படித்தான் என்று நினைக்கும். இரண்டாவது வகைப் பிள்ளைகள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். மெதுவாக விலகிப் போவார்கள்.

"அல்லாஹ் நாடினால் காற்றில்லாத இடத்திலும் கேட்கவைப்பானே" என்று சிலர் கேட்பார்கள். நாடினால் நடக்கும், அதில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இங்கே கேள்வி அல்லாஹ்வின் ஆற்றல் பற்றியது அல்ல. கேட்டதாகச் சொல்லப்படும் ஆளே "நான் கேட்கவில்லை" என்கிறார். சாட்சியே மறுக்கும் ஒரு வழக்கை எந்தக் காதி நீதிமன்றம் எடுக்கும்?

மூன்றாவது, "நாசா துரத்தியது" என்ற பகுதி. அவரது வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுக்கதையை விட அது பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும்.

1930 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஒஹையோவின் வாபகோனெட்டா என்ற ஊருக்கு அருகே பிறந்தவர். தந்தை மாநில அரசின் கணக்காய்வாளர். நம் அரசாங்க உத்தியோகத்தர் பிள்ளைகள் போல இடமாற்றத்துக்கு இடமாற்றம் ஊர் ஊராக அலைந்த குடும்பம். பையனுக்கு விமானப் பைத்தியம். மருந்துக் கடையில் மணித்தியாலத்துக்கு 40 சதத்துக்கு வேலை செய்தார். விமானம் ஓட்டிப் பழக ஒரு மணித்தியாலத்துக்கு 9 டொலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணித்தியாலம் பறக்க இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கடையில் நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் 16 வயதில் விமானம் ஓட்டும் அனுமதி எடுத்தார். கார் ஓட்டும் அனுமதி அப்போது அவரிடம் இல்லை.

பிறகு கடற்படையின் செலவில் பர்டூ பல்கலைக்கழகம். நடுவில் கொரியப் போர், 78 தடவை பறந்தார். ஒரு முறை இறக்கையின் ஒரு பகுதி அறுந்துபோய், விமானத்திலிருந்து வெளியே பாய்ந்து தப்பினார். அதன்பின் சோதனை விமானி. 1962 ஜனவரியில் அவரது மகள் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டு மூன்று வயதைக்கூடத் தொடாமல் இறந்தாள். அந்தத் துக்கத்தை அவர் வெளியே பேசியதே இல்லை. அதே வருடம் செப்டெம்பரில் விண்வெளி வீரராகத் தெரிவானார்.

1966 மார்ச்சில் ஜெமினி 8 விண்கலம் கட்டுப்பாடிழந்து, ஏறத்தாழ வினாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழன்றது. மயக்கம் வரும் தறுவாயில், பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வைத்திருந்த உந்திகளை இயக்கி அதை நிறுத்தினார். 1968 மே மாதம் நிலவில் இறங்கப் பயிற்சி எடுக்கும் வாகனம் பழுதாகி விழ, கடைசி நொடியில் வெளியே பாய்ந்தார். அன்றே அலுவலகத்துக்குப் போய்த் தன் மேசை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 20ஆம் திகதி கணினி எச்சரிக்கை மேல் எச்சரிக்கை கொடுக்க, இறங்கும் இடமோ பாறைகள் நிறைந்து கிடக்க, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து வேறிடம் தேடி இறக்கினார். அப்போது இறங்குவதற்கு மிஞ்சியிருந்த எரிபொருள் ஒரு நிமிடத்துக்கும் குறைவானது.

இந்த மனிதரை 1971இல் யாரும் துரத்தவில்லை. அவரே விட்டுப் போனார். போன இடம் எது தெரியுமா? சின்சினாட்டி பல்கலைக்கழகம். 1979 வரை அங்கே விமானப் பொறியியல் படிப்பித்தார். உலகத்தில் எந்த மேடையும் அவருக்குத் திறந்திருந்தது, அவர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். நான் ஒரு ஆசிரியன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். 1986இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது ஜனாதிபதி ரீகன் அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் உப தலைவராக அவரைத்தான் நியமித்தார்கள். 2011இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். மதம் மாறியதற்காகத் துரத்தப்பட்டவரின் வாழ்க்கை இப்படியா இருக்கும்?

நான்காவது, சொத்துக் கதை. "நாசா கொடுத்த கோடிகளை உதறினார்" என்பவர்களுக்கு ஒரு தகவல். நிலவுக்குப் போன வருடம் அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 27,000 டொலர். அரசாங்க ஊழியருக்குரிய சம்பளத் திட்டத்தின்படி. நிலவுக்குப் போனதற்கென்று தனியாகக் கோடிகளை யாரும் கொட்டவில்லை. கூடப்போன ஒல்ட்ரின் சமர்ப்பித்த பிரயாணக் கொடுப்பனவுப் படிவம் இன்றும் இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து நிலவுக்குப் போய் பசிபிக் சமுத்திரம் வழியாகத் திரும்பி வந்ததற்கு 33 டொலர் 31 சதம். வலயக் கல்வி அலுவலகத்தில் பிரயாணப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நம் ஆசிரியர்கள் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

அதற்காக அவரை ஏழை என்றோ துறவி என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு கதைதான் கட்டுகிறேன். 1979இல் கிரைஸ்லர் கார் விளம்பரத்தில் நடித்தார். யுனைடெட் எயார்லைன்ஸ், மரதன் ஒயில் போன்ற பெரிய கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளில் இருந்து நன்றாகவே சம்பாதித்தார். 38 வருட மணவாழ்க்கை 1994இல் விவாகரத்தில் முடிந்தது. குறைநிறை உள்ள மனிதர்தான். ஆனால் தன் பெயரை விற்கும் வியாபாரத்தில் அவருக்கு ஒரு எல்லை இருந்தது. தன் கையெழுத்தை வாங்கி விலைக்கு விற்கிறார்கள் என்று தெரிந்ததும் 1994இலிருந்து கையெழுத்துப் போடுவதையே நிறுத்தினார். 2005இல் அவருக்கு வழமையாக முடி வெட்டுகிறவர், வெட்டிய முடியை 3,000 டொலருக்கு விற்றுவிட்டார். முடியைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் அந்தக் காசைத் தர்மத்துக்குக் கொடு என்று சட்டத்தரணி மூலம் எச்சரித்தார். தன் தலைமுடியைக்கூட மற்றவர் விற்பதை விரும்பாத மனிதர் அவர். அவருடைய ஈமானை நாம் இலவசமாக எடுத்து நம் சந்தையில் வைத்திருக்கிறோம்.

ஐந்தாவது, அவரது முடிவு. 2012 ஓகஸ்ட் 25ஆம் திகதி, 82ஆவது வயதில், இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் இறந்தார். சிகிச்சையில் குறை இருந்ததாகக் குடும்பம் குற்றஞ்சாட்டி, மருத்துவமனை 6 மில்லியன் டொலர் கொடுத்து இரகசியமாகத் தீர்த்துக்கொண்ட விடயம் 2019இல்தான் வெளியே வந்தது. நிலவுக்குப் போன வருடச் சம்பளத்தோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டெம்பரில் வொஷிங்டன் தேவாலயம் ஒன்றில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. மறுநாள் அவரது அஸ்தி அத்திலாந்திக் சமுத்திரத்தில் கரைக்கப்பட்டது. ஆம், உடல் எரிக்கப்பட்டது. ஒரு முஸ்லிமின் உடலை எரிப்பது என்றால் என்ன என்பதை 2020இல் இந்த நாட்டில் நாம் கண்ணீரோடு தெரிந்துகொண்டோம். அந்த நாம், எரித்து அஸ்தி கரைக்கப்பட்ட ஒருவரை முஸ்லிமாக வாழ்ந்து மறைந்தவர் என்று சாதாரணமாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"சரி சேர், பொய்யாகவே இருக்கட்டும். நல்ல விஷயம்தானே, கேட்பவர்களுக்கு ஈமான் கூடும்தானே, உங்களுக்கு என்ன நட்டம்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதற்குத்தான் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அழுத்திப் பதில் சொல்ல வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகனுக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், இதைவிடக் கவர்ச்சியான தஃவா கிடைக்குமா? சும்மா இருந்தாலே போதும், கதை தானாகப் பரவியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வேதனையிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களுக்குத் தெளிவாகச் சொன்னார்கள். இது புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. வானத்தைச் சாட்சிக்கு இழுத்து வந்த ஒரு கதையை, அது தமக்குச் சாதகமாக இருந்தும், தம் துக்க நாளிலேயே மறுத்த நபியின் உம்மத் நாம். அந்த உம்மத்துக்கு ஆம்ஸ்ட்ரோங் கதை எதற்கு?

நட்டம் என்ன என்று கேட்டீர்கள். 2018 பெப்ரவரியை மறந்துவிட்டீர்களா? அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று வந்தது. யாருக்கு ஆறுதல்? ஒரு கிழமைக்குள் திகனையும் எரிந்தது. அந்தக் கதையைப் பகிர்ந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் சாதாரண மனிதர்கள்தான். கேட்டதை நம்பினார்கள், நம்ப விரும்பியதால் விசாரிக்கவில்லை, விரலால் தட்டி அனுப்பினார்கள். நம்மைப் பற்றிய பொய்யை மற்றவர்கள் விசாரிக்காமல் பகிர்ந்தது அநியாயம் என்று நாம் சொல்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். அப்படியானால் நமக்குப் பிடித்த பொய்யை நாம் விசாரிக்காமல் பகிர்வதற்கு என்ன பெயர்? செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற ஸூறத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்கு எதிரான செய்திகளுக்கு மட்டும் இறங்கியதா?

இது ஒரு கதையோடு நிற்பதும் இல்லை. சுனிதா வில்லியம்ஸும் இஸ்லாத்துக்கு வந்துவிட்டார் என்று அனுப்பினார்கள். விண்வெளிக்குப் போகும்போது பகவத் கீதையும் பிள்ளையார் சிலையும் கொண்டுபோனவர் அவர். நிலவிலுள்ள ஒரு நீண்ட பள்ளத்தின் படத்தைக் காட்டி, சந்திரன் பிளந்ததற்கு நாசாவே ஆதாரம் தந்துவிட்டது என்கிறார்கள். அது அரியாடேயஸ் என்ற பள்ளம், சுமார் 300 கிலோமீற்றர் நீளம், நிலவைச் சுற்றி ஓடவும் இல்லை. சந்திரன் பிளந்த செய்தியை நாம் நம்புவது வஹியின் அடிப்படையில். அதற்கு நாசாவின் முத்திரை வேண்டும் என்று அலைவதுதான் பலவீனமான ஈமான் என்பேன்.

இதில் எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. நிலவுக்கும் முஸ்லிம்களுக்கும் பொய் தேவைப்படாத தொடர்பு ஏராளமாக உண்டு. பாரூக் அல்-பாஸ் என்ற பெயரை உங்கள் குழுமத்தில் யாராவது எப்போதாவது அனுப்பியிருக்கிறார்களா? 1938இல் எகிப்தின் ஸகாஸிக் நகரில் பிறந்த புவிச்சரிதவியலாளர். அப்பலோ விண்கலங்கள் நிலவில் எங்கே இறங்க வேண்டும் என்று தெரிவு செய்த குழுவின் செயலாளர். நிலவைப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று விண்வெளி வீரர்களுக்குப் பாடம் எடுத்தவர். அவர்கள் அவரை அன்பாக "கிங்" என்று அழைத்தார்கள். நிலவின் பெரிய பள்ளங்களில் ஒன்று, சுமார் 130 கிலோமீற்றர் அகலம், அல்-பத்தானியின் பெயரில் இருக்கிறது. இப்னுல் ஹைதம், அல்-பீரூனி, அல்-பர்கானி, உலுக் பேக் எல்லோர் பெயரிலும் பள்ளங்கள் உண்டு. 1985இல் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் போய்வந்தார். 2007 ரமழானில் மலேசியர் ஒருவர் விண்வெளிக்குப் போனபோது, அங்கே கிப்லா எது, தொழுகை எப்படி என்று மலேசியாவில் உலமாக்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசி வழிகாட்டல் வெளியிட்டார்கள்.

இவையெல்லாம் ஏன் வைரலாவதில்லை? இவற்றைப் பகிர்ந்தால் அடுத்த கேள்வி நம்மை நோக்கி வரும். நம் பாடசாலையில் உயர்தர கணிதப் பிரிவில் எத்தனை பேர்? பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுகூடத்தின் பூட்டைக் கடைசியாகத் திறந்தது எப்போது? அல்-பாஸ் மாதிரி ஒருவர் வர வேண்டுமானால் இருபது வருடம் உழைக்க வேண்டும், காசு செலவாகும். ஆம்ஸ்ட்ரோங்கைக் கலிமா சொல்ல வைக்க ஒரு விரல் போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

குழும அட்மின்மாரே, இந்தக் கதை அடுத்த முறை வந்தால் அனுப்பியவரை அவமானப்படுத்தாமல், தனியாகச் சொல்லி அழித்துவிடுங்கள். அநேகமானோர் கேட்பார்கள்.

மிம்பரில் ஏறும் மௌலவிமாரே, ஹதீஸில் அறிவிப்பாளர் வரிசையை எப்படிப் பார்ப்பது என்று படித்தவர்கள் நீங்கள். வட்ஸ்அப் செய்திக்கும் அதே தராசைப் பிடியுங்கள். அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத செய்தி குத்பாவுக்கு எப்படி வரும்?

பெற்றோரே, பிள்ளை வந்து "வாப்பா, நிலவில் காற்றே இல்லையே, எப்படிச் சத்தம் கேட்கும்?" என்று கேட்டால் வாயை மூடு என்று சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நாங்கள் வகுப்பறையில் தொண்டை வற்றக் கத்துகிறோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கண்ணியமாக எழுதுங்கள். "என் மாமா எகிப்தில் இருந்தபோது கேள்விப்பட்டார்" என்பதைத் தவிர வேறு ஆதாரம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.